ஒரு மலரும் பல பெயர்களும்: தாவரப் பெயர்களின் மொழிபெயர்ப்பு குறித்து

1. முன்னுரை

தாவரப் பெயர் ஒன்றை மொழிபெயர்ப்பவர் இரண்டு பணிகளை ஒரே சொல்லால் நிறைவேற்ற வேண்டியவராக உள்ளார். அப்பெயர் எந்தத் தாவரத்தைக் குறிக்கிறது என்பதை ஐயமறச் சுட்ட வேண்டும். மூலமொழியினர் அத்தாவரத்தை எவ்வாறு கண்டனர் என்பதையும் புலப்படுத்த வேண்டும். முன்னதைச் சுட்டுப்பணி என்றும் பின்னதை விளக்கப்பணி என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. மூலமொழியில் ஒரு சொல்லுள் அடங்கியுள்ள இவ்விரு பணிகளும் இலக்குமொழியில் அவ்வாறே அடங்குவது அரிது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விட நேரும்போது எதைக் கொள்வது, எதன் அடிப்படையில் கொள்வது என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவை வறண்ட புல்வெளிகளிலும் மலைச்சரிவுகளிலும் வளரும் பல்லாண்டுச் செடி ஒன்றின் பெயர்களைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தாவரவியலார் அதனைப் பல்சட்டில்லா என்பர். ஓமியோபதி மருந்துகளை அறிந்த தமிழர்களுக்கு இப்பெயர் புதிதன்று. ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளில் வாழும் பல இனத்தாரின் மொழிகளில் இதற்குத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. ஒரே மலரைப் பல மொழிகள் பலவாறு கண்டுள்ளமையால், பெயரிடுதலின் இயல்பையும் பெயர்களை மொழிபெயர்ப்பதில் உள்ள இடர்ப்பாட்டையும் ஒருங்கே காண இது இடமளிக்கிறது.

2. செடியின் இயல்பு

பெயர்களின் பொருளை உணரச் செடியின் ஓராண்டு வாழ்க்கையை அறிதல் வேண்டும். பல்சட்டில்லா என்னும் பேரினத்தில் ஏறத்தாழ 40 சிற்றினங்கள் உள்ளன. இது கருஞ்சீரகம், அதிவிடயம் ஆகியவை சேர்ந்த ரானன்குலேசிக் குடும்பத்தைச் சார்ந்தது. பல்சட்டில்லா வல்லிக்கியானா என்னும் சிற்றினம் மேற்கு இமயமலைப் பகுதியில் வளர்வதால் இப்பேரினம் இந்தியத் துணைக்கண்டத்திற்கு முற்றிலும் அயலானது அன்று.

வட அமெரிக்கச் சிற்றினத்தைச் சான்றாகக் கொள்வோம். பனி உருகத் தொடங்கும் இளவேனிலில், புற்கள் தழைப்பதற்கு முன்பே, மென்மயிர் போர்த்த மொட்டு நிலத்தை ஒட்டி வெளிப்படுகிறது. ஊதா நிறமுடைய மலர் ஒரு சாண் உயரத்திற்கும் குறைவான காம்பில் கிண்ணம்போல் விரிகிறது. இதற்கு உண்மையான அல்லிகள் இல்லை. அல்லிபோல் தோன்றுவன புல்லிகளே. நடுவில் மஞ்சள் நிற மகரந்தத்தாள்கள் செறிந்துள்ளன. இலைகள் மலருக்குப் பின்னரே முழுமையாக வளர்கின்றன. மலர் முதிர்ந்தபின் காம்பு நீள்கிறது. ஒவ்வொரு விதையும் நீண்ட வெண்ணிற இறகு போன்ற வால் பெறுவதால், காய்த்தலை நரைத்த முடிக்கற்றை போலத் தோன்றுகிறது. பின்னர் விதைகள் காற்றில் பறந்து செல்கின்றன. மரத்தன்மையுடைய வேர் மண்ணுள் ஆழச் சென்று கோடை வறட்சியையும் பனிக்காலத்தையும் தாங்கி நிற்கிறது.

மயிர் போர்த்த மொட்டு, மணி போன்ற மலர், காற்றில் அசையும் காம்பு, நரைத்த காய்த்தலை எனச் செடி பருவத்திற்கொரு தோற்றம் கொள்கிறது. அவற்றுள் எத்தோற்றத்தைப் பெயராக்குவது என்பதில் மொழிகள் வேறுபடுகின்றன.

3. பெயரிடுதலின் அடிப்படைகள்

தொல்காப்பியர் உவமை தோன்றும் நிலைக்களன்களை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். மெய் என்பது வடிவினையும் உரு என்பது நிறத்தினையும் குறிப்பதாக உரையாசிரியர்கள் விளக்குவர். உவமைக்குக் கூறப்பட்ட இப்பகுப்பு தாவரப் பெயரிடுதலுக்கும் பெரிதும் பொருந்துவதைக் காணலாம்.

வினைபற்றியது: பல்சட்டில்லா என்னும் பெயரே இலத்தீனில் 'அடித்தல்' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து குறுமை விகுதி பெற்று அமைந்தது. காற்றால் அலைக்கப்படுவது என்றோ, அடிக்கப்படும் மணி போன்றது என்றோ இதனை விளக்குவர். உருசிய மொழியில் வழங்கும் 'ப்ரொஸ்த்ரேல்' என்னும் பெயர் ஊடுருவி எய்தல் என்னும் வினையோடு தொடர்புடையது.

பயன்பற்றியது: அதே உருசிய மொழியில் 'சோன்-த்ரவா' என்றொரு பெயரும் உண்டு. சோன் என்பது உறக்கத்தையும் கனவையும் குறிக்கும்; த்ரவா என்பது புல், பூண்டு. இதனைத் தலையணையின்கீழ் வைத்து உறங்கினால் வருவதுணர்த்தும் கனவு தோன்றும் என்பது அந்நாட்டார் நம்பிக்கை.

மெய்பற்றியது: டேனிய மொழிப் பெயர் பசுவின் கழுத்துமணி என்னும் பொருளது. செருமானியப் பெயரும் இவ்வகையினதே. அது பின்னர் விளக்கப்படும்.

உருபற்றியது: சீன மொழியில் இது 'பைத்தோவ்வெங்', அதாவது வெண்தலைக் கிழவன். சப்பானிய மொழியில் 'ஒகினகுஸா', அதாவது முதியவர் பூண்டு. கொரிய மொழியில் 'ஹல்மிக்கோத்', அதாவது பாட்டிப்பூ. ஐரோப்பியர் பலர் மலரைப் பார்த்துப் பெயரிட, கிழக்காசியர் மலர் முடிந்தபின் வரும் நரையைப் பார்த்துப் பெயரிட்டமை நோக்கத்தக்கது. கொரியச் சிற்றினத்தில் மலர் தலைகவிழ்ந்து நிற்பதால் கூனல் முதுகும் நரைத்தலையும் ஒருசேர மூதாட்டியை நினைவூட்டுகின்றன.

இந்நான்கினுள் அடங்காத பெயர்களும் உள்ளன. ஃபின்னிய மொழிப் பெயர் 'குளிரின் பூ' என்று பொருள்படும். சுவீடிய மொழியின் 'பக்சிப்பா' என்பதன் முதற்கூறு மேட்டுச்சரிவைக் குறிக்கும். இவை ஒப்புமையால் அன்றித் தொடர்பால் அமைந்தவை. காலவாகுபெயர், இடவாகுபெயர் என நன்னூலார் வகுத்த நெறியை ஒட்டி இவற்றை விளக்கலாம். சுவீடிய மொழியில் இடம் மலருக்குப் பெயரளிக்க, தமிழில் குறிஞ்சி மலர் நிலத்திற்குப் பெயரளித்தது. தொடர்பு ஒன்றே, திசை மட்டும் வேறு.

தமிழிலும் ஒரே செடி இவ்வாறு பல அடிப்படைகளில் பெயர்பெறுவது உண்டு. சங்க இலக்கியத்தின் காந்தள், மலரும் மாதத்தால் கார்த்திகைப்பூ எனவும், கிழங்கின் வடிவால் கலப்பைக்கிழங்கு எனவும், நோயோடு தொடர்புபடுத்திக் கண்வலிக்கிழங்கு எனவும் வழங்குகிறது. ஈழத்துக் கவிதையில் வரும் கார்த்திகைப்பூவைப் பிறமொழியில் பெயர்ப்பவர் கண்வலிக்கிழங்கு என்பதற்குரிய சொல்லால் பெயர்த்தால், செடி மாறாது; கவிதை மாறிவிடும். சுட்டுப்பணி நிறைவேறியும் விளக்கப்பணி சிதைவதற்கு இஃது ஒரு சான்று.

4. ஒலிமயக்கத்தால் பிறந்த பொருள்

ஒரு பெயருக்கு இன்று தோன்றும் பொருள் அதன் தொடக்கப் பொருளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல்சட்டில்லாவின் ஆங்கிலப் பெயரும் செருமானியப் பெயரும் இதற்குத் தக்க சான்றுகள்.

ஆங்கிலத்தில் இது பாஸ்க் மலர் எனப்படும். பழைய வடிவம் 'பாஸ் மலர்' என்பதாகும். அது 'பாஸ்ஃப்ளர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதன் முற்கூறு 'கடத்தல், விஞ்சுதல்' என்னும் பொருளைத் தரும் வினையடி. 1597இல் வெளிவந்த மூலிகை நூலில் ஜான் ஜெரார்டு, இம்மலர் உயிர்த்தெழுதல் பெருவிழாவை ஒட்டிப் பூப்பதால் அதனைப் பாஸ்க் மலர் எனத் தாம் பெயரிட்டதாகக் குறிப்பிடுகிறார். பாஸ்க் என்பது அவ்விழாவிற்குரிய பழைய பிரெஞ்சுச் சொல். ஓர் ஒலி கூடியதும் விஞ்சும் மலர் விழா மலராயிற்று. அச்சொல்லின் மூலமாகிய எபிரேய, அரமேயச் சொற்களின் வழிவந்த வடிவம் தமிழிலும் உண்டு. கத்தோலிக்கர் பாஸ்கா என்றும் சீர்திருத்தத் திருச்சபையினர் பஸ்கா என்றும் வழங்குவது அதுவே. எனவே 'பாஸ்கா மலர்' என்னும் ஆக்கம் தமிழுக்கு இயல்பாகவே அமையும்.

செருமானியத்தில் வழங்கும் 'கூஹன்ஷெல்ல' என்பதன் பிற்கூறு மணியைக் குறிக்கும். முற்கூறு இன்றைய செவிக்குச் சமையலறை என்று ஒலிக்கிறது. ஆனால் அது பசு என்னும் சொல்லின் குறுமை வடிவம் என்பதே பெரும்பாலோர் கொள்கை. பசுமணி என நேர்பொருள் தரும் 'கூஷெல்ல' என்னும் வடிவமும் உடன்வழங்குவது இதற்கு வலுவூட்டுகிறது. அகராதியில் கூறுகளைத் தனித்தனியே பார்த்துச் 'சமையலறை மணி' எனத் தமிழாக்குபவர் பெயரின் வரலாற்றை இழப்பதோடு, மேய்ச்சல் நிலத்தில் பிறந்த பெயரை வீட்டிற்குள் கொண்டுவந்தவரும் ஆவார்.

தமிழிலும் இத்தகைய மயக்கம் அறியப்பட்டதே. மரைகள் திரிந்த மரைக்காடு மறைக்காடு எனத் திரிந்து, அதன்பின் வடமொழியில் வேதாரணியம் எனப் பெயர்க்கப்பட்டது என்று கொள்ளும் கருத்து உண்டு. பெயரின் ஒலி திரிவது ஒரு நிலை. திரிந்த ஒலிக்குரிய பொருளை மொழிபெயர்ப்பு உறுதிப்படுத்திவிடுவது மற்றொரு நிலை. இரண்டாம் நிலைக்குப்பின் மூலத்திற்குத் திரும்பும் வழி ஏறத்தாழ அடைபட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்குதான் தொடங்குகிறது.

5. ஆங்கிலத்தின் ஊடாக வரும் பெயர்கள்

தமிழுக்கு வரும் பிறநாட்டு நூல்களுள் மிகப் பல ஆங்கிலத்தின் ஊடாகவே வருகின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பாளரோ பதிவாளரோ மூலப் பெயரை நீக்கித் தம் மொழிப் பெயரை இட்டிருப்பின், தமிழாக்குபவர் அதனையே மூலமெனக் கொள்ள நேர்கிறது. இதன் விளைவை வட அமெரிக்கச் சான்றால் விளக்கலாம்.

ஐரோப்பாவிலிருந்து குடியேறியோர் வட அமெரிக்கப் புல்வெளியில் தம் நாட்டு மலரை ஒத்த சிற்றினத்தைக் கண்டு பழைய பெயரையே அதற்கும் இட்டனர். தெற்கு டகோட்டா மாநிலம் 1903இல் பாஸ்க் மலரைத் தன் மாநில மலராக ஏற்றது. அங்கு முன்னரே வாழ்ந்த டகோட்டா மக்கள் இதனை 'ஹொக்ஷி-செக்பா வஹ்ச்சா' என்றனர். மெல்வின் கில்மோர் 1919இல் வெளியிட்ட தாவரப் பயன்பாட்டு ஆய்வில் இதற்கு 'இரட்டைப் பிள்ளைகள் பூ' எனப் பொருள் கூறி, ஒரு செடியில் பெரும்பாலும் இரண்டு பூங்காம்புகள் தோன்றுவதைக் காரணம் காட்டினார். ஆயின் 'செக்பா' என்னும் சொல் கொப்பூழ் என்னும் பொருளையும் உடையது. கிளைவழக்காகிய லக்கோட்டாவில் இப்பெயரைக் 'குழந்தையின் கொப்பூழ்' என விளக்குவர்; நிலத்தை ஒட்டி வெளிப்படும் மொட்டு, பச்சிளங்குழந்தையின் ஆறிவரும் கொப்பூழ் போன்றது என்பது கருத்து. ஒரே சொல்லின் இருபொருள், ஒரே மலரை இருவேறு மலர்களாக்குகிறது.

கில்மோர் பதிவுசெய்துள்ள வழக்கம் ஒன்றை இதனோடு இணைத்துக் காண வேண்டும். இளவேனிலில் முதல் மலரைக் காணும் முதியவர் அதனருகே அமர்ந்து புகைக்குழாயை நிரப்பித் தம் வாழ்நாளை எண்ணிப் பார்ப்பார். பின்னர் மலரை எடுத்துச்சென்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி, தாம் இளமையில் கற்ற மலர்ப்பாட்டை அவர்களுக்குக் கற்பிப்பார். கொப்பூழ் என்னும் பொருளைக் கொண்டால் முதுமையும் பிறப்பும் அம்மலரில் எதிர்ப்படுகின்றன. இரட்டை என்னும் பொருளைக் கொண்டால் இந்நயம் மறைகிறது. இதனைத் தமிழாக்குபவர் ஆங்கிலத்தைப் பின்பற்றிப் 'பாஸ்கா மலர்' என்று எழுதினால், கிறித்தவத் திருநாளோடு தொடர்பில்லாத ஒரு முதியவரின் வாயில் அத்திருநாளின் பெயரை இட்டவர் ஆகிறார்.

கொரிய நாட்டார் கதைக்கும் இதே நிலைதான். பேத்தியின் வீட்டை நாடி நடந்த மூதாட்டி வழியிலேயே இறந்துவிட, அவளைப் புதைத்த இடத்தில் கவிழ்ந்த தலையுடன் இம்மலர் முளைத்தது என்பது கதை. பாட்டிப்பூ என்னும் பெயர் நீங்கினால் கதையின் முடிவே பொருளற்றதாகிவிடும்.

6. குரோக்கஸ் என்னும் கண்ணி

விளக்கப்பணி சிதைந்தால் நயம் கெடும். சுட்டுப்பணி சிதைந்தால் தீங்கே விளையக்கூடும்.

கனடாவில் இம்மலர் 'புல்வெளிக் குரோக்கஸ்' என்னும் பொருளுடைய பெயரால் அறியப்படுகிறது. மனிட்டோபா மாகாணம் 1906இல் இதனைத் தன் சின்னமலராக ஏற்றது. இளவேனில் தொடக்கத்தில் ஊதாநிறக் கிண்ணமாக மலர்வது ஒன்றே உண்மையான குரோக்கசோடு இதற்குள்ள ஒப்புமை. குரோக்கஸ் வேறு குடும்பத்தைச் சார்ந்தது, கிழங்கிலிருந்து வளர்வது, மூன்றே மகரந்தத்தாள்களை உடையது. பல்சட்டில்லாவிலோ மகரந்தத்தாள்கள் எண்ணற்றவை.

குரோக்கஸ் என்னும் சொல்லைக் கண்டதும் தமிழில் தோன்றும் நிகரன் குங்குமப்பூ. குங்குமப்பூ என்பது குரோக்கஸ் சட்டைவஸ் என்னும் ஒரு சிற்றினத்தின் சூல்முடியே. புல்வெளிக் குரோக்கசைப் 'புல்வெளிக் குங்குமப்பூ' என்றோ 'காட்டுக் குங்குமப்பூ' என்றோ பெயர்க்கும்போது, உண்ணத்தக்க ஒரு பொருளின் பெயர் நச்சுச் செடிக்குச் சென்று சேர்கிறது. பல்சட்டில்லாவின் பச்சைச் செடியில் புரோட்டோஅனிமோனின் என்னும் பொருள் உள்ளது. அது தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். உட்கொண்டால் வாயும் குடலும் புண்ணாகும். கருவுற்ற பெண்கள் இச்செடியைத் தவிர்க்க வேண்டும் என மூலிகைக் கையேடுகள் எச்சரிக்கின்றன. தமிழகத்திலோ கருவுற்ற பெண்களுக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து கொடுப்பது பரவலான வழக்கம். ஒரு பெயர்ச்சொல்லின் பிழை எங்குச் சென்று முடியக்கூடும் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை.

ஆங்கிலத்தில் 'இலையுதிர்காலக் குரோக்கஸ்' எனப்படும் மற்றொரு செடியும் குரோக்கஸ் அன்று. அதிலுள்ள கொல்கிசின் என்னும் நஞ்சு நம் காந்தளிலும் உள்ளது. அயல்நிலச் செடிக்குத் தெரிந்த செடியின் பெயரை அடைமொழியோடு இடுவது எல்லா மொழிக்கும் இயல்பு. அவ்வடைமொழித்தொடரில் தலைச்சொல் பொய்யாகவும் அமையலாம் என்பதை மொழிபெயர்ப்பாளர் மறத்தல் ஆகாது. பெயரொருமையும் இவ்வாறே மயக்கும். 'புல்வெளிப் புகை' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர் பல்சட்டில்லாவுக்கும் வழங்குகிறது. ரோசாக் குடும்பத்தைச் சார்ந்த கியூம் ட்ரைஃப்ளோரம் என்னும் செடிக்கும் வழங்குகிறது. இரண்டும் இறகு போன்ற காய்த்தலை உடையவை. இரண்டும் ஒரே புல்வெளியில் வளர்வன.

7. மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க நெறி

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று படிகளைப் பெறலாம். முதலாவதாக, பெயரின் பொருளை நோக்குமுன் செடியை உறுதிப்படுத்த வேண்டும். இதற்குத் தாவரவியற் பெயரே துணை. அதுவும் மாறக்கூடியது என்பது உண்மை. லின்னேயஸ் 1753இல் இச்செடியை அனிமோன் பேரினத்துள் வைத்தார். அடுத்த ஆண்டிலேயே ஃபிலிப் மில்லர் பல்சட்டில்லாவைத் தனிப் பேரினமாக்கினார். இரு வழக்கும் நூல்களில் இன்றுவரை காணப்படுகின்றன. எனினும் இணைப்பெயர்களைத் தொகுத்துக் காணும் வசதி தாவரவியலில் உள்ளதால், செடியை அறிவதில் தடை ஏற்படுவதில்லை.

இரண்டாவதாக, ஆங்கிலப் பனுவலில் உள்ள பெயர் யாருடைய பெயர் என வினவ வேண்டும். கதை நிகழும் மக்களின் மொழியில் வேறு பெயர் இருப்பின் அதனைத் தேடிக் காண்பது மொழிபெயர்ப்பின் ஒரு பகுதியே; அதனைக் கூடுதல் உழைப்பாகக் கருதலாகாது.

மூன்றாவதாக, பனுவல் எப்பணியை வேண்டுகிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். மருந்து நூலிலும் தாவரவியல் நூலிலும் சுட்டுப்பணியே முதன்மை. அங்குப் 'பல்சட்டில்லா' என ஒலிபெயர்ப்பதே தக்கது. தெற்கு டகோட்டாவின் அரசுச் சின்னம் பற்றிய செய்தியில் 'பாஸ்க் மலர்' பொருந்தும். ஐரோப்பியக் கிறித்தவச் சூழலில் அமைந்த கவிதையில் 'பாஸ்கா மலர்' என்பது பொருளோடும் உணர்வோடும் அமையும். கொரியக் கதைக்குப் 'பாட்டிப்பூ' என்றும், சீன மருத்துவப் பனுவலுக்குப் 'பைத்தோவ்வெங்' என ஒலிபெயர்த்து முதலிடத்தில் 'வெண்தலைக் கிழவன்' என்னும் பொருளைச் சேர்த்தும் எழுதலாம். டகோட்டா வழக்கத்தைக் கூறுமிடத்துக் 'கொப்பூழ்ப்பூ' என்பது கருத்தை விளக்கும். மற்றைப் பொருளை முன்னுரையில் சுட்டுவது நேர்மை. ஒரே செடிக்கு ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்னும் கலைச்சொல்லாக்க நெறி அறிவியற் பனுவலுக்கு இன்றியமையாதது. அதனை இலக்கியத்தின்மேலும் நாட்டார் வழக்காற்றின்மேலும் ஏற்றுவது பொருந்தாது.

8. முடிவுரை

தாவரப் பெயர் என்பது ஒரு மக்கள் கூட்டம் தன் நிலத்தை உற்றுநோக்கியதன் சுருக்கம். பசுமணி என்றவர் மேய்ச்சல் நிலத்தில் வாழ்ந்தவர். குளிரின் பூ என்றவர் நெடும்பனிக்காலத்தைக் கடந்தவர். அந்நோக்கு இன்று இருபுறமும் நலிந்து வருகிறது. வட அமெரிக்கப் புல்வெளியின் பெரும்பகுதி உழுநிலமாயிற்று. உழுத நிலத்திற்குப் பல்சட்டில்லா எளிதில் மீள்வதில்லை. இங்கிலாந்தில் அது மிகச் சில சுண்ணாம்புப் புல்வெளிகளில் மட்டுமே தானாக வளர்கிறது. டகோட்டாவும் லக்கோட்டாவும் அழிவை எதிர்நோக்கும் மொழிகளாகக் கணிக்கப்படுகின்றன. செடி அருகும் இடத்தில் பெயர் வழக்கிறந்து போகும். மொழி அருகும் இடத்தில் செடி நின்றாலும் அதனைக் கண்ட முறை மறையும்.

இந்நிலையில் மொழிபெயர்ப்பு நூல்கள் சில பெயர்களுக்கு எஞ்சும் இருப்பிடமாக அமையக்கூடும். ஆங்கிலப் பெயர் ஒன்றையே எல்லாவற்றின்மேலும் போர்த்துவோமாயின் அவ்விருப்பிடத்தையும் நாமே அடைத்தவர்களாவோம். கொப்பூழ்ப்பூ, பாட்டிப்பூ, பசுமணி என மூன்று தமிழ்ச் சொற்கள் ஒரு செடிக்கு அமைவதால் தமிழுக்குக் குழப்பம் நேராது. காந்தளுக்கு நான்கு பெயர் வைத்து, இடமறிந்து வழங்கிவரும் மொழி இது.